மாமாவுக்கு நண்டுச் சாறும் சிப்பி மாத்திரையும்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செல்லூர்க்காரன் · ஞாயிறு, காலை 6.50

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாய்மாமாவுக்கு 58 வயது. போன வருஷம் சோறு இறங்கமாட்டேங்குது, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடிச்சுத் தள்ள வேண்டியிருக்கு என்றார். எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய்ப் புற்று என்று தெரிந்தது. முப்பது வருஷமாக வெற்றிலையும் புகையிலையும் போட்ட வாய். கீமோவும் கரண்டும் (கதிர் சிகிச்சை) முடிந்து நாலு மாசம் ஆகிறது. இப்போது குழைந்த சோறு இறங்குகிறது, கொஞ்சம் எடையும் ஏறியிருக்கிறது.

இனி அது திரும்ப வரக்கூடாது என்று அத்தை படாத பாடு படுகிறார். பக்கத்துத் தெருவில் ஒருவர் டப்பா கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். "கடல் சிப்பியிலிருந்து எடுத்த தாதுச்சத்து, புற்று திரும்பாது, பையன்களுக்கும் குடுங்க, பரம்பரையா வராம தடுக்கும்" என்று சொல்லி 60 மாத்திரைக்கு 2,800 ரூபாய் வாங்கிவிட்டார். டப்பாவில் ஒரு நாள் அளவு: செலினியம் 200 மைக்ரோகிராம், துத்தநாகம் 50 மில்லிகிராம். அதுபோக வாரம் மூன்று நாள் மதுரை கரிமேட்டில் நண்டு வாங்கிச் சாறு வைக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த பெரியம்மா நத்தைதான் இதற்கு மருந்து என்கிறார்.

மாத்திரையைத் தொடரலாமா? நண்டிலும் சிப்பியிலும் அப்படி என்ன இருக்கிறது? மாமா மகன்கள் இருவரும் சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

தல்லாகுளத்தான் · ஞாயிறு, காலை 8.15

தம்பி, மாமா நல்லபடியாக இருக்கட்டும். இது வெறும் கட்டுக்கதை இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். செலினியத்துக்குப் பெரிய ஆய்வே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தின் லாரி கிளார்க் குழு 1,312 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்குத் தினம் 200 மைக்ரோகிராம் செலினியமும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்து 1996ல் வெளியிட்டார்கள். செலினியம் சாப்பிட்டவர்களில் புற்றால் இறந்தவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். பிராஸ்டேட் புற்று மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. உங்கள் டப்பாவில் இருப்பதும் அதே 200தான். என் அண்ணன் போன பிறகு நான் இதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். நான் தினம் ஒன்று போடுகிறேன். நண்டு, இறால், சிப்பி எல்லாம் செலினியம் நிறைந்தவை. நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆய்வகத்துக்காரி · ஞாயிறு, காலை 9.40

தல்லாகுளத்தான் அண்ணே, அண்ணன் விஷயம் கேட்டு வருத்தமாக இருக்கிறது. நீங்கள் சொன்ன ஆய்வு உண்மை. ஆனால் கதை 1996ல் முடியவில்லை. நான் உயிர்வேதியியல் படித்து ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள், எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறேன்.

செலினியம் உடம்புக்குத் துளி அளவே தேவை, ஆனால் இல்லாமல் முடியாது. நம் உடம்பில் 25 புரதங்கள் செலினியத்தை வைத்துக் கட்டப்பட்டவை. அதில் குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதி, செல்லுக்குள் உருவாகும் பெராக்சைடை உடைத்துத் தண்ணீராக்குகிறது. அது தேங்கினால் மரபணு இழை சேதமாகும். இந்த நொதிக்குள் செலினியம் இருப்பதை 1973ல் கண்டுபிடித்தார்கள். "செலினியம் கூடினால் புற்று குறையுமோ" என்ற எண்ணத்துக்கு இதுவும் ஒரு காரணம். நியாயமான எண்ணம்தான்.

கிளார்க் ஆய்வு தொடங்கியது தோல் புற்று குறைகிறதா என்று பார்க்க. தோல் புற்று குறையவில்லை. பிராஸ்டேட் கணக்கு கூடவே எடுத்த கணக்கு. சேர்ந்தவர்களும் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், மண்ணில் செலினியம் குறைவான ஊர்க்காரர்கள்.

ஆகவே இதையே நேராகச் சோதிக்க 2001ல் செலக்ட் என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். 35,533 ஆண்கள். அதே 200 மைக்ரோகிராம் செலினியம், வைட்டமின் ஈ, இரண்டும் சேர்த்து, வெற்று மாத்திரை என்று நான்கு பிரிவு. பலன் இல்லை என்று தெரிந்ததால் 2008 அக்டோபரில் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். 2011ல் திரும்பக் கணக்குப் பார்த்தபோது, வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்குப் பிராஸ்டேட் புற்று 17 சதவீதம் கூடியிருந்தது. 2014ல் இன்னொன்றும் தெரிந்தது: உடம்பில் ஏற்கெனவே செலினியம் நிறைவாக இருந்தவர்கள் மேலும் செலினியம் சாப்பிட்டபோது, கொடிய வகைப் பிராஸ்டேட் புற்று 91 சதவீதம் கூடியது.

இல்லாதவனுக்குக் கொடுத்தால் உதவும், இருப்பவனுக்குத் திணித்தால் கெடுக்கும் என்றுதான் இந்த எண்களைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்றும் மறக்கவேண்டாம். அந்த 1996 ஆய்வில் இருந்தவர்களையே தொடர்ந்து கவனித்து 2007ல் எழுதினார்கள்: செலினியம் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகம் வந்தது. நம் ஊரில் வீட்டுக்கு ஒருவருக்குச் சுகர். பையன்கள் உடனே நிறுத்துவது நல்லது.

தல்லாகுளத்தான் · ஞாயிறு, காலை 10.30

விளக்கத்துக்கு நன்றி தங்கச்சி. 2007ல் வந்ததை நான் படிக்கவில்லை. எனக்கும் பார்டர் சுகர் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சீனாவில் லின்சியன் என்ற ஊரில் நடந்தது? அது உணவுக்குழாய்ப் புற்றுக்கே பேர்போன ஊர். அங்கே பலன் கிடைத்தது என்று படித்தேனே. நம் தம்பியின் மாமாவுக்கும் அதே புற்றுதானே?

ஆய்வகத்துக்காரி · ஞாயிறு, காலை 11.20

சரியான இடத்தில் கை வைத்தீர்கள் அண்ணே.

லின்சியனில் கிட்டத்தட்ட 30,000 பேருக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் கொடுத்தார்கள், 1993ல் முடிவு வந்தது. செலினியம், பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ மூன்றையும் சேர்த்துச் சாப்பிட்ட பிரிவில் வயிற்றுப் புற்றால் இறப்பது 21 சதவீதம் குறைந்தது. ஆனால் செலினியம் 50 மைக்ரோகிராம்தான், 200 இல்லை. மூன்றும் சேர்ந்து போனதால் எது வேலை செய்தது என்று பிரிக்க வழியில்லை. அந்த மக்கள் காய், பழம், கறி எல்லாவற்றுக்கும் வறண்டவர்கள், ரத்தத்தில் பல சத்து குறைந்தே இருந்தது. அதே ஆய்வில் துத்தநாகமும் வைட்டமின் ஏ வகையும் கொடுத்த பிரிவில் ஒரு பலனும் தெரியவில்லை.

ஆனாலும் துத்தநாகத்தை நான் ஒதுக்கவில்லை. அதே ஊரில் 1985ல் எடுத்துவைத்த உணவுக்குழாய்த் திசுத் துணுக்குகளை எக்ஸ்ரே கதிர் கொண்டு அளந்து 2005ல் ஒரு கட்டுரை வந்தது. திசுவில் துத்தநாகம் அதிகம் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் உணவுக்குழாய்ப் புற்று வந்தது குறைவு, அதுவும் நல்ல வித்தியாசத்தில். துத்தநாகம் இல்லாத தீனி போட்ட எலிகளுக்கு உணவுக்குழாயின் உள்தோல் தடித்து, கட்டி சீக்கிரம் வருகிறது. மரபணுவைப் பழுது பார்க்கும் புரதங்கள் பலவற்றுக்குத் துத்தநாகம் ஆணி மாதிரி. குறைவு வராமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதற்கு இது நல்ல ஆதாரம். ஆனால் 50 மில்லிகிராம் மாத்திரை போட்டால் புற்று வராது என்பதற்கு இது ஆதாரமே இல்லை.

பாம்பன் சரக்கு · ஞாயிறு, பகல் 1.05

வணக்கம். நான் மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கமிருந்து மதுரைக்கு நண்டும் இறாலும் அனுப்புகிறவன். படிப்பு விஷயம் தெரியாது, சரக்கு விஷயம் சொல்றேன்.

சிப்பிச் சத்து என்று விற்கிறார்களே, தின்கிற சிப்பி மதுரைக்கு எங்கே வருது? தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க பல வருஷமா சிப்பி வளர்த்துக் காட்டியிருக்காங்க. ஆனா நம்ம பக்கம் வாங்கித் தின்கிற பழக்கம் இல்லை. கன்னியாகுமரிப் பக்கம் போனா உண்டு. மதுரைக்கு வர்றது நண்டு, இறால், கணவாய்.

நண்டு வாங்கத் தெரிஞ்சு வாங்குங்க. கையில் தூக்கினா கனக்கணும். வயித்தை அமுக்கினா அமுங்கக்கூடாது, அமுங்கினா உள்ளே தண்ணிதான். அமாவாசையை ஒட்டி வர்ற நண்டுக்குச் சதைப்பிடிப்பு, பௌர்ணமி நண்டு சப்பை என்பது எங்க கணக்கு. நல்ல நண்டிலேயே ஒரு கிலோவுக்குக் கால் கிலோ சதை தேறினாப் பெரிசு. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு தடைக்காலம், அப்ப வர்றது நாட்டுப்படகுச் சரக்கும் ஐஸில் கிடந்ததும்தான். அந்த ரெண்டு மாசம் நோயாளிக்கு வாங்குறதா இருந்தா மோந்து பார்த்து வாங்குங்க. அமோனியா வாடை லேசா வந்தாலும் வேண்டாம்.

தம்பி, வாரம் மூணு நாள் நண்டுன்னா செலவு என்னாகும்னு எனக்குத் தெரியும். அத்தையை ஒரு நாளா குறைக்கச் சொல்லுங்க. வியாபாரி நானே சொல்றேன்.

பத்தியச் சமையல் · ஞாயிறு, மாலை 4.30

நான் உணவியல் ஆலோசகர், புற்றுநோய் வார்டில் சில வருஷம் இருந்தேன். செல்லூர்க்காரன் தம்பி, உங்கள் அத்தையிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் கணக்கு. இந்தியாவில் பரிந்துரைக்கும் அளவு: செலினியம் ஒரு நாளைக்கு 40 மைக்ரோகிராம், துத்தநாகம் ஆணுக்கு 17 மில்லிகிராம், பெண்ணுக்கு 13.2. நண்டுச் சதை 100 கிராமில் துத்தநாகம் ஏறத்தாழ 3 முதல் 4 மில்லிகிராம், இறாலில் ஒன்றரை. இரண்டிலும் செலினியம் 40 மைக்ரோகிராமுக்குப் பக்கத்தில் வரும். கடல் சிப்பிதான் துத்தநாகத்தில் ராஜா, இனத்தைப் பொறுத்து 100 கிராமில் 16 முதல் 40 மில்லிகிராம் வரை. அதாவது ஒரு கிண்ணம் நண்டு சாப்பிட்டாலே அன்றைய செலினியம் கிடைத்துவிடும். அதற்கு மேல் 200 மாத்திரையாகப் போவது வீண்.

"சிப்பியிலிருந்து எடுத்தது" என்ற பேச்சிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சிப்பி ஓடு சுண்ணாம்பு, கால்சியம் கார்பனேட். நம் வெற்றிலைக்குத் தடவும் அதே கிளிஞ்சல் வம்சம். செலினியமும் துத்தநாகமும் சதையில் இருப்பவை. டப்பாவில் 200, 50 என்று முழு எண்ணாக இருக்கிறதென்றால் அது தனியாகச் சேர்த்த உப்பாகத்தான் இருக்கும்.

துத்தநாகம் ஒரு நாளைக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் நெடுநாள் போனால், குடல் செம்பை உள்ளே விடாது. செம்பு குறைந்தால் ரத்தசோகை வரும், கால் மரத்துப்போகும். கீமோ முடித்தவருக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு, கால் மரமரப்பு. இரண்டும் எதனால் வந்தது என்று மருத்துவர் குழம்பிப் போவார். செலினியம் மிஞ்சினால் நகம் உடையும், முடி கொட்டும், மூச்சில் பூண்டு வாடை வரும்.

நம் சோறு, பருப்பு, கேழ்வரகில் துத்தநாகம் இல்லாமல் இல்லை. பைட்டேட் என்ற பொருள் அதைக் கட்டிப்போட்டுவிடுகிறது. மாவைப் புளிக்கவைத்தால், பயறை ஊறவைத்து முளைகட்டினால், அந்தக் கட்டு தளரும். நம் அப்பத்தாக்கள் ராத்திரி அரைத்து வைத்து காலையில் இட்லி ஊற்றினார்களே, அதில் இந்த வேலையும் நடந்துவிட்டது. கூடவே கொஞ்சம் நண்டோ முட்டையோ இருந்தால் துத்தநாகம் இன்னும் நன்றாக உடம்பில் சேரும்.

இப்போது மாமாவுக்கு: சாறு வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் சாறில் சத்து குறைவு, சதையில்தான் எல்லாம். ஓட்டோடு கொடுக்கவே கூடாது, கரண்டு வைத்த உணவுக்குழாய் சுருங்கியிருக்கும், ஒரு ஓட்டுச் சில்லு போதும் மாட்டிக்கொள்ள. சதையை வெளிச்சத்தில் வைத்து விரலால் தடவிப் பார்த்து உதிர்த்து, முட்டையில் அடித்து நண்டு ஆம்லேட்டாகப் போடுங்கள். நம் மெஸ்களில் போடுவதுதான், மிளகாயும் மொறுமொறுப்பும் இல்லாமல், மூடி போட்டு மெத்தென்று. பெரிய மாத்திரைகள் அவர் விழுங்குவதே ஆபத்து.

மேலூர் மருமகள் · ஞாயிறு, மாலை 6.10

நத்தை பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். எங்கள் பக்கம் கண்மாயில் தண்ணி பெருகினால் நத்தை பொறுக்குவோம். ஒரு நாள் முழுக்க நல்ல தண்ணியில் போட்டு வைத்து, சகதியைக் கக்கவிட்டு, வேகவைத்து, ஊக்கால் குத்தி எடுத்து, மஞ்சள் போட்டுக் கழுவி, மிளகு நிறைய அரைத்து வைப்பார் என் மாமியார். மூலத்துக்கு நல்லது என்று தின்றோம். புற்றுக்கு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போதுதான் செல்போனில் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

மாமியார் கடைசி சில வருஷமாக வயல் நத்தையைத் தொடவே விடவில்லை. "களைக்கொல்லி அடிச்ச வயல்ல மீனே செத்து மிதக்குது, நத்தை மட்டும் எப்படி நல்லாருக்கும்" என்பார். பெரியம்மா கண்மாய் நத்தையே கொண்டுவந்தாலும் அரைவேக்காடு ஆகாது. நத்தையில் ஒருவகைப் புழு உண்டு, மூளைக் காய்ச்சல் வரும் என்று எங்கள் ஊருக்கு வந்த டாக்டரம்மா சொன்னார்.

ஆய்வகத்துக்காரி · ஞாயிறு, இரவு 8.00

மேலூர் அக்கா சொன்னது மிகச் சரி. எலியிடமிருந்து நத்தைக்குப் போகும் புழு அது. நன்றாகக் கொதித்தால் செத்துவிடும்.

நத்தை, சிப்பி, மட்டி எல்லாமே தாம் இருக்கும் தண்ணீரில் உள்ளதைத் தம் உடம்பில் சேர்ப்பவை. துத்தநாகத்தைச் சேர்க்கும் அதே சதை காட்மியத்தையும் சேர்க்கும். காட்மியம் மனிதருக்குப் புற்று உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நண்டில் இது சேருவது வெள்ளைச் சதையில் இல்லை, ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சளில். அது கொழுப்பு இல்லை, நண்டின் ஈரல் மாதிரி. எங்கள் வீட்டில் அதற்குத்தான் சண்டையே. இப்போது பிள்ளைகளுக்கு எப்போதாவது ஒரு கரண்டி, அவ்வளவுதான்.

பாசி நஞ்சும் உண்டு. 1981ல் தமிழ்நாட்டில் மட்டி தின்று 98 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த நஞ்சு கொதித்தாலும் போகாது. தெரியாத கழிமுகத்தில் பொறுக்கியதை வாங்கவேண்டாம்.

தங்கைக்காக · ஞாயிறு, இரவு 9.25

இடையில் வருகிறேன். என் தங்கைக்குத் தைராய்டு புற்று, ஆபரேஷன் முடிந்து ரேடியோ அயோடின் கொடுத்தார்கள். கொடுப்பதற்கு முன்னால் சில வாரம் நண்டு, இறால், கடல்மீன், அயோடின் உப்பு எதுவும் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். உடம்பில் அயோடின் நிறைந்திருந்தால் மருந்தை அந்தச் செல்கள் இழுக்காதாம். எங்கள் வீட்டிலும் சத்து என்று இறால் வாங்கிவைத்திருந்தோம். இதைப் படிப்பவர்கள் யார் வீட்டிலாவது தைராய்டு சிகிச்சை நடந்தால் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: சிடி ஸ்கேனில் சாய மருந்து போடுமுன் "நண்டு, இறால் அலர்ஜி உண்டா" என்று கேட்டார்கள். அயோடினால் வருவதா அது?

பத்தியச் சமையல் · ஞாயிறு, இரவு 9.50

இல்லைம்மா. நண்டு, இறால் ஒவ்வாமை அவற்றின் சதையில் உள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதத்தால் வருவது. அயோடினுக்குச் சம்பந்தமில்லை. பழைய பழக்கத்தில் கேட்கிறார்கள். ஒவ்வாமை எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுவது நல்லது, ஆனால் அதற்காக ஸ்கேனை ஒத்திப்போடத் தேவையில்லை. தங்கை நலமாக இருக்கட்டும்.

பாம்பன் சரக்கு · திங்கள், காலை 5.40

அப்ப கருவாடு? எங்க ஆளுக வீட்டில் அது இல்லாம சோறு இறங்காது.

ஆய்வகத்துக்காரி · திங்கள், காலை 7.15

சீன முறையில் உப்பிட்ட மீனை மூக்குத்தொண்டைப் புற்றுக்குக் காரணம் என்று அதே முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மற்ற நாட்டு உப்புமீன்களைப் பற்றி முடிவு சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று விட்டிருக்கிறார்கள். ஆனால் உப்பில் ஊறியவை அதிகம் போனால் வயிற்றுப் புற்று கூடும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. எப்போதாவது தின்பது வேறு, தினம் தின்பது வேறு அண்ணே. நன்றாக ஊறவைத்து உப்பை இறக்கிச் சமையுங்கள்.

செல்லூர்க்காரன், கேட்கத் தயங்கினேன், கேட்டுவிடுகிறேன். மாமா வெற்றிலையை விட்டுவிட்டாரா? பாக்கும் புகையிலையும் இரண்டுமே முதல் பிரிவு. எத்தனை கிலோ நண்டு தின்றாலும் அந்தக் கணக்கை ஈடுகட்டாது. பையன்கள் ஹான்ஸ் மாதிரி புகையிலைப் பொட்டலம் ஏதாவது போடுகிறார்களா என்றும் பாருங்கள்.

தல்லாகுளத்தான் · திங்கள், காலை 9.00

தங்கச்சி, நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். என் டப்பாவை இன்றைக்கு எடுத்து வைத்துவிட்டேன். அடுத்த வாரம் சுகர் பார்க்கப் போகும்போது டாக்டரிடம் காட்டுகிறேன். அண்ணனுக்குச் செய்யமுடியாததை எனக்காவது செய்துகொள்கிறோம் என்று நினைத்துத்தான் போட்டேன்.

செல்லூர்க்காரன் · அடுத்த ஞாயிறு, பகல் 2.20

எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை டப்பாவோடு மருத்துவரிடம் போனோம். அவர் லேபிளை ஒரு பார்வை பார்த்து நிறுத்தச் சொல்லிவிட்டார். கால் மரத்துப்போகிறது என்று மாமா அப்போதுதான் வாய் திறந்தார். ரத்தம் எடுத்திருக்கிறார்கள், அடுத்த எண்டோஸ்கோப்பிக்கும் தேதி கொடுத்தாகிவிட்டது. பையன்கள் நிறுத்திவிட்டார்கள். மூத்தவன் சட்டைப்பையில் பாக்குப் பொட்டலம் இருந்தது. அத்தை கையில் கிடைத்துவிட்டது, அன்றைக்கு வீடே அழுதது. மாமாதான் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் கழுத்தில் கரண்டு வைத்துக் கறுத்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

இன்றைக்கு அமாவாசை கழிந்து மூன்றாம் நாள், பாம்பன் அண்ணன் சொன்ன மாதிரி தூக்கிப் பார்த்து ஒரு கிலோ வாங்கினேன். சதை 230 கிராம் தேறியது. நானும் அத்தையும் எவர்சில்வர் தட்டில் பரப்பி, விளக்கடியில் வைத்து ஒவ்வொரு இழையாகத் தடவிப் பார்த்தோம், ஐந்து சில்லு அகப்பட்டது. இரண்டு முட்டையில் அடித்து மெத்தென்று போட்டார். மாமா முக்கால்வாசி சாப்பிட்டார், தண்ணி குடிக்காமல். மிளகு இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்றார்.